பக்கத்து வீட்டு ப்ளம் மரம்



ஆகஸ்டு மாதத்தின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ப்ளம் பழங்கள் பழுக்கத் தொடங்கும். நாங்கள் வாழும் பர்மிங்ஹாம் நகருக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ஈவ்ஷம் பள்ளத்தாக்கு இருக்கிறது. ப்ளம் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. அங்குள்ள பெர்ஷோர் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் இம்மாதத்தில் ப்ளம் பழத்துக்கென்றே ஒரு விழா நடைபெறும். நகர வீடுகளின் பின்கட்டிலும் ஒரு ப்ளம் மரமாவது நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அது விக்டோரியா என்னும் வகையாக இருக்கும். வேறொரு மரம் துணைக்கு இல்லாமலே காய்க்கக்கூடியது என்பதால் சிறு தோட்டங்களுக்கு ஏற்றது. காய்க்கும் ஆண்டில் கிளை முறியும் அளவுக்குக் காய்க்கும். நம் ஊரில் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுப்பதுபோல் இங்கும் கவைக்கோல் கொண்டு கிளைகளைத் தாங்கி நிறுத்துவார்கள்.

இந்தப் பழங்களையும், இதே பருவத்தில் வரும் செர்ரி, ராஸ்பெரி, ப்ளாக்பெரி முதலியவற்றையும் கொண்டு இந்நாட்டு வீடுகளில் எளிய இனிப்புகள் செய்வார்கள். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அலங்காரமாக வீற்றிருக்கும் கேக்குகளோடு இவற்றுக்கு உறவில்லை. ஓரம் சீராக இராது. பழச்சாறு வெளியே வழிந்து கருகியிருக்கும். கரண்டியால் அள்ளித்தான் பரிமாற வேண்டும். குடியானவர் வீட்டுப் பண்டம் என்று இவற்றைச் சொல்லலாம். நம் வீடுகளின் புட்டும் கஞ்சியும் எப்படியோ, இவர்களுக்கு இவை அப்படி.

இந்த எளிய இனிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஆயினும் இதனுள் நம் மார்க்கத்தின் இரண்டு கடமைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்வதே என் நோக்கம்.

அடுத்த வீட்டு அன்பளிப்பு

எங்கள் பக்கத்து வீட்டில் எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் வசிக்கிறார். அவரை இங்கே அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய தோட்டத்தில் ஒரு விக்டோரியா ப்ளம் மரம் உண்டு. அவ்வீட்டை வாங்கிய ஆண்டில் அவருடைய கணவர் நட்டது. நாங்கள் இத்தெருவுக்கு வந்த முதல் கோடையிலிருந்து ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்த மனிதர் ஒரு கூடை ப்ளம் பழங்களை வேலிக்கு மேலே நீட்டுவார். நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வட்டலப்பம் அந்த வேலியைத் தாண்டிச் செல்லும். இருபுறமும் அதிகப் பேச்சு இல்லை. ஆனால் குறை வைத்ததும் இல்லை.

சென்ற குளிர்காலத்தில் அவர் மறைந்தார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மரணமடைந்த செய்தி வந்தபோது, துயரத்தில் இருக்கும் அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். அதை எண்ணி நாங்களும் சில நாட்கள் கஞ்சியும் காய்கறி சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதன்பின் அம்மையார் வீட்டுக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. கோடை வந்தது. மரம் வழக்கம்போல் காய்த்தது. பறிப்பாரின்றிப் பழங்கள் புல்லில் விழுந்து கிடந்தன, குளவிகள் மொய்த்தன.

ஆகஸ்டு இறுதியில் ஒருநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது சமையலறை மேசையில் ஒரு ப்ளம் பை இருந்தது. வட்டத் தகரத் தட்டில், மேலே பொன்னிறமான மாவு மூடியோடு, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மையார் வாசலில் வந்து என் மகளிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார். கூடவே ஒரு சீட்டு. கணவர் இறந்தபின் முதன்முறையாக ஓவனை மூட்டியதாகவும், பழக்கத்தில் கை இரண்டாகச் செய்துவிட்டதாகவும், ஒன்று எங்களுக்கென்றும் எழுதியிருந்தார். இறுதி வரியில் பெருமையோடு ஒரு குறிப்பு: மேல்மாவு அவருடைய தாயார் கற்றுத்தந்த முறைப்படி, பாதி வெண்ணெயும் பாதி லார்டும் சேர்த்துச் செய்ததாம்.

லார்ட் என்பது உருக்கி எடுத்த பன்றிக்கொழுப்பு. பழைய ஆங்கிலச் சமையலில் பை மாவு பிசைய அதைச் சேர்ப்பது மிகச் சாதாரணம். மாவு பொலபொலவென்று உதிர்வதற்கு அதுவே சிறந்தது என்பார்கள். அவர் மறைத்து எதையும் செய்யவில்லை. தன் தாயின் கைப்பக்குவத்தை எங்களோடு பகிர்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

பதினான்கு வயது மகன் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“உம்மா, நன்றி சொல்லி வாங்கியாகிவிட்டது. இனிக் குப்பையில் போட்டுவிட்டால் முடிந்தது. அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் கேட்டால் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடலாம். மனம் நோகாது.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஹராமைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவர் மனம் நோகக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. இரண்டையும் காக்க அவனுக்குத் தோன்றிய வழி அது. நம்மில் பலரும் இத்தகைய நேரங்களில் இந்த வழியையே எடுக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வழியில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். முதலாவது, பொய். இரண்டாவது, துயரத்திலிருந்து எழுந்து ஒரு பெண் முதன்முதலாகச் செய்த உணவு குப்பைக்குப் போவது. மூன்றாவது, அடுத்த ஆண்டும் அதே பை வரும். அடுத்த ஆண்டும் அதே பொய் வேண்டும். அன்பளிப்புக்குப் பதிலாக நாம் அவருக்குத் திருப்பித் தருவது ஆண்டுக்கு ஒரு பொய் என்றாகிவிடும். இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே என் பிள்ளைகள் வளர்வார்கள்.

ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அண்டை வீட்டார் தருவதை அற்பமாகக் கருத வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களை விளித்தே அறிவுறுத்தியிருக்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தியும் நமக்குத் தெரியும். அண்டை வீட்டாரின் உரிமை நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களோடு நின்றுவிடுவதில்லை. அப்படியாயின் உண்ணக்கூடாத அன்பளிப்பு வந்தால் என்ன செய்வது? உண்ணாமல் இருப்பது ஒரு கடமை. தந்தவரை அற்பமாக்காமல் இருப்பது இன்னொரு கடமை. முதல் கடமையைச் செய்துவிட்டோம் என்பதால் இரண்டாவது நம்மை விட்டுப் போய்விடுவதில்லை.

உண்மையைச் சொன்ன மாலை

அன்று அஸர் தொழுதபின் பையை அதே தட்டோடு எடுத்துக்கொண்டு சென்றேன். மகனையும் மகளையும் உடன் அழைத்துச் சென்றேன். இங்கே கோடையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மூன்று மணி நேரம் கிடைக்கும், அவசரமின்றிப் பேசலாம்.

என்ன சொல்வது என்பதை வழியிலேயே முடிவு செய்திருந்தேன். முதலில் நன்றி. அடுத்து உண்மை. அதன்பின் ஒரு வேண்டுகோள். “எங்களை நினைத்துச் செய்ததற்கு மிகவும் நன்றி. பன்றியிலிருந்து வரும் எதையும் நாங்கள் உண்பதில்லை; அது எங்கள் இறைவனின் கட்டளை. நீங்கள் சீட்டில் எழுதியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. இது வீணாகிவிடக்கூடாது என்று எடுத்து வந்தேன். உங்கள் மரத்துப் பழம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும்; பழமாகவே கொஞ்சம் தர முடியுமா?” இவ்வளவுதான் சொன்னேன்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. அந்த அமைதி எனக்கு நீண்டதாகத் தோன்றியது. பிறகு, “இத்தனை ஆண்டுகள் அடுத்த வீட்டில் இருக்கிறீர்கள். பன்றி இறைச்சி உண்ணமாட்டீர்கள் என்று தெரியும். மாவுக்குள் இருப்பது நினைவுக்கே வரவில்லை” என்றார். பையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஞாயிறன்று தன் மகள் வருகிறாள், அவளுக்காகும் என்றார். அதன்பின் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்படியானால் நீங்கள் உண்ணும்படி நான் எதைச் செய்யலாம்?”

பதில் சொல்ல நான் யோசிப்பதற்குள் என் ஒன்பது வயது மகள், “க்ரம்பிள் செய்யலாமே! அதற்கு வெண்ணெய் மட்டும் போதுமே” என்றாள். பள்ளியில் கற்றிருக்கிறாள். அம்மையார் சிரித்தார். கை மூட்டுகளில் வாதம் இருப்பதால் வெண்ணெயை மாவில் உதிர்ப்பது தனக்கு இப்போது கடினம் என்றும், அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த சனிக்கிழமைக்கு நாள் குறிக்கப்பட்டது.

பாத்திரம் பற்றியும் பேசிக்கொண்டோம். வேதம் வழங்கப்பட்டோரின் பாத்திரங்களைப் பயன்படுத்துவது பற்றி அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் வினவியபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அதைப் பயன்படுத்துமாறும், கிடைக்காவிட்டால் அவற்றைக் கழுவி உண்ணுமாறும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். எங்களிடம் வேறு பாத்திரம் இருந்தது. ஆகவே எங்கள் வீட்டுத் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்து வருவதாகச் சொன்னேன். ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிட்டபின் இதைச் சொல்வதில் இருபுறமும் கூச்சம் இருக்கவில்லை.

புட்டு மாவும் க்ரம்பிளும்

க்ரம்பிள் என்பது பழத்தின் மேல் உதிரி மாவைத் தூவி ஓவனில் வேகவைக்கும் இனிப்பு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இது இந்நாட்டில் பெரிதும் பரவியது என்பார்கள். 1940 ஜனவரியில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்குள் வந்தன. பங்கீடு முழுவதுமாக நீங்கியது 1954 ஜூலையில்தான். பை மாவுக்கு வேண்டிய அளவு கொழுப்பு வீடுகளில் இல்லை. இருக்கும் சிறிதளவு வெண்ணெயை மாவில் உதிர்த்து, ஓட்ஸ் இருந்தால் சேர்த்து, தோட்டத்துப் பழத்தின் மேல் தூவினால் குடும்பம் முழுவதும் உண்ணலாம். அம்மையார் பிறந்தபோது போர் முடிந்திருந்தது, பங்கீடு முடிந்திருக்கவில்லை. லார்ட் சேர்த்த பையைக் கற்றுத்தந்த அதே தாயார்தான் க்ரம்பிளையும் கற்றுத்தந்திருக்கிறார்.

செய்முறையைச் சொல்கிறேன். ஆறு பேருக்கு ஏறக்குறைய 900 கிராம் ப்ளம் பழங்கள் வேண்டும். கழுவி, இரண்டாக வெட்டி, கொட்டையை நீக்கி, தட்டில் பரப்ப வேண்டும். 75 கிராம் நாட்டுச் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் தூவிக் கிளற வேண்டும். கார்ன்ஃப்ளார் பழச்சாற்றைக் கெட்டிப்படுத்தும். இல்லாவிட்டால் மேல்மாவு ஊறிக் கூழாகிவிடும். அம்மையார் வழக்கமாகப் பட்டைத்தூள் சேர்ப்பார். எங்கள் தட்டில் இரண்டு ஏலக்காயைப் பொடித்துத் தூவினோம். ப்ளம்முக்கு ஏலக்காய் மிகவும் பொருந்துகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மேல்மாவின் கணக்கு எளிது: இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சர்க்கரை. அதாவது 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் இட்டு விரல் நுனிகளால் உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். வெண்ணெய் உருகாமல் மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்தால்தான் மாவு இழுபடாமல் உதிரியாக வேகும். பதம் வந்தபின் சர்க்கரையைக் கலந்து, பழத்தின் மேல் தூவி, அழுத்தாமல் விட வேண்டும். 190 டிகிரி சூட்டில் நாற்பது நிமிடம் வேகவைத்தால் மேலே பொன்னிறமாகி, ஓரங்களில் செந்நிறச் சாறு கொதித்து வரும். எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறலாம்.

பதத்தை அம்மையார் ரொட்டித் தூள் போல் என்று சொல்லி விளக்கினார். என் மகள் மாவை ஒரு பிடி பிடித்துப் பார்த்தாள், கட்டியாக நின்றது. விரலால் தட்டினாள், உதிர்ந்தது. “இது புட்டு மாவுதான் உம்மா” என்றாள். காயல்பட்டினத்தில் என் உம்மா அவளுக்குப் புட்டுக்கு மாவு பிசிறக் கற்றுக்கொடுத்தபோது சொன்ன சோதனை அது. அரிசி மாவில் தண்ணீர். இங்கே மைதாவில் வெண்ணெய். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றே. அம்மையார் புட்டு என்றால் என்னவென்று கேட்டார். அடுத்த வாரம் அவருக்குப் புட்டும் வாழைப்பழமும் சென்றன.

தமிழகத்தில் வாழும் வாசகர்கள் கோடையில் கொடைக்கானலிலிருந்து வரும் ப்ளம் பழங்களைக் கொண்டு இதைச் செய்யலாம். அவை சற்றுப் புளிப்பாக இருந்தால் சர்க்கரையை 100 கிராமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நார் இல்லாத மாம்பழத்திலும் நன்றாக வரும்; மாம்பழத்துக்குச் சர்க்கரையைக் குறைத்து ஓர் எலுமிச்சையின் சாற்றைச் சேர்க்க வேண்டும். ஓவன் இல்லாத வீடுகளில் அடிகனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தாங்கி வைத்துத் தட்டை இறக்கி மூடிவிடலாம். பிரியாணிக்குத் தம் போடுவதுபோல் மூடியின் மேல் தணல் இட்டால் மேற்புறமும் சிவக்கும்.

எங்கே கவனம் வேண்டும்

இத்தகைய பழ இனிப்புகள் பெரும்பாலும் பழம், மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பால் ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே நமக்கு இவை வசதியானவை. இருந்தாலும் சில இடங்களில் கவனம் தேவை.

பிரான்சின் கலெட் என்பது அச்சு ஏதுமின்றித் தட்டையாக விரித்த மாவின் நடுவே பழத்தை வைத்து, ஓரத்தைச் சுற்றி மடித்து வேகவைப்பது. மாவின் மேல் ஒரு கரண்டி ரவையோ பாதாம் பொடியோ தூவிப் பழத்தை அடுக்கினால் அடிப்பகுதி ஊறாது. இதற்குக் கடையில் மாவு வாங்கினால் எந்தக் கொழுப்பு என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே வெண்ணெய் கொண்டு பிசைவது நல்லது. அதே நாட்டின் லிமூசான் பகுதிக்குரிய க்ளாஃபூட்டி என்பது செர்ரிப் பழங்களின் மேல் முட்டை, பால், மாவுக் கரைசலை ஊற்றி வேகவைப்பது. நம் முட்டைப் பணியாரத்துக்குத் தூரத்து உறவு எனலாம். அதன் செய்முறைகள் சிலவற்றில் கிர்ஷ் என்னும் செர்ரி மதுவைச் சேர்க்கச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டால் சுவையில் குறை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் காப்ளர், பழத்தின் மேல் மென்மையான மாவை உருண்டை உருண்டையாக வைத்து வேகவைப்பது. இங்கிலாந்தின் சம்மர் புட்டிங்கிற்கு ஓவன் வேண்டாம். பழைய ரொட்டித் துண்டுகளைக் கிண்ணத்தில் பதித்து, லேசாகக் கொதித்த ராஸ்பெரி, ரெட்கரண்ட் பழங்களை நிரப்பி, பாரம் வைத்து ஓர் இரவு விட்டால் போதும். காய்ந்த ரொட்டியை வீணாக்காத நல்ல வழி.

வெனிலா சாறு சாராயத்தில் ஊறவைத்து எடுக்கப்படுவது. அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். உணவில் சில துளிகள் சேர்ப்பது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஐயத்துக்கு இடமின்றி வெனிலாக் காயையோ பொடியையோ பயன்படுத்துகிறோம். ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதையும், இ 471 என்னும் சேர்மம் தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதையும் கேட்டறிவது நல்லது. சூயட் என்பது மாட்டுக் கொழுப்பு. அறுப்பு முறை தெரியாதவரை அதைத் தவிர்த்துத் தாவர சூயட் வாங்கலாம்.

இப்பட்டியலைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்போது ஒன்றை உடன் சொல்லித்தருவது அவசியம் என்று கருதுகிறேன். பொருளைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். அப்பொருளை உண்ணும் மனிதரைக் குறித்து அருவருப்பு கூடாது. ‘ச்சீ’ என்னும் ஒரு சொல் போதும். பிள்ளை அடுத்த வீட்டுக்காரரையே அப்படிப் பார்க்கத் தொடங்கிவிடும். நாம் விலகுவது அல்லாஹ்வின் கட்டளைக்காகவே அன்றி, நாம் பிறரைவிட மேலானவர்கள் என்பதற்காக அல்ல.

முதல் கரண்டி யாருக்கு

மதீனாவில் மக்கள் பருவத்தின் முதல் கனியைப் பறித்தவுடன் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். அவர்கள் அதைக் கையில் வாங்கி, கனிகளிலும் ஊரிலும் அளவைகளிலும் பரக்கத் வேண்டித் துஆச் செய்வார்கள். பிறகு அங்கிருக்கும் சிறுவர்களில் மிகச் சிறியவரை அழைத்து அக்கனியைக் கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம் நூலில் அபூஹுரைரா (ரலி) வாயிலாக வரும் செய்தி இது. தலைவருக்கு வந்த கனி, கூட்டத்தின் கடைக்குட்டியிடம் போய்ச் சேர்கிறது. பழம் கைக்கு வந்ததும் முதலில் துஆ, அடுத்துப் பகிர்தல், அதிலும் சிறியவருக்கு முதலிடம் என்னும் ஒழுங்கு அதில் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை க்ரம்பிள் ஓவனிலிருந்து வந்தபோது இச்செய்தியை நான் அம்மையாருக்குச் சொன்னேன். முதல் கரண்டியை என் மகளுக்கு அவரே பரிமாறினார். மகள் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி உண்டாள். இரண்டாவது கரண்டியை அம்மையாருக்குக் கொடுக்குமாறு மகனிடம் சொன்னேன். அவர் உண்டுகொண்டே, கணவருக்கு மேல்மாவு கருகியிருந்தால்தான் பிடிக்கும் என்றும், ஓரத்தைச் சுரண்டி எடுப்பதில் தங்களுக்குள் சண்டை வரும் என்றும் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது அவர் மறைந்தபின் அதுவே முதல்முறை. ஒரு மணி நேரம் பேசினார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

குப்பையில் போட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்தால் அன்று அந்தக் கதவு திறந்திருக்காது. பொய் மனத்தை நோகச் செய்யாது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. உண்மை சற்று வலித்தது; ஆனால் அடுத்த கேள்விக்கு இடம் கொடுத்தது.

புல்லில் கிடந்த பழங்களையும் அன்றே பொறுக்கினோம். அழுகியவற்றை உரக்குழியில் இட்டோம். நல்லவற்றைப் பாதியாக வெட்டி, கொட்டை நீக்கி, தட்டில் பரப்பி உறையவைத்துப் பின் பைகளில் கட்டினோம். அப்படிச் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டாது; குளிர்காலத்தில் உறைநிலையிலேயே க்ரம்பிளுக்கு இடலாம், கார்ன்ஃப்ளாரைச் சற்றுக் கூட்டினால் போதும். கனி தரும்போது உண்ணுங்கள், அறுவடை நாளில் அதற்குரிய பங்கைக் கொடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் பொருளில் சூரா அல்அன்ஆமின் 141ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நாம் மரம் வைத்திருக்காவிட்டாலும், பறிக்க ஆளில்லாத மரத்துக்குக் கை கொடுக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ப்ளம் மரத்தைக் குளிர்காலத்தில் கவாத்து செய்யக்கூடாது. ஈரக் காலத்தில் வெட்டினால் வெட்டுக்காயம் வழியே வெள்ளியிலை நோய் என்னும் பூஞ்சை நோய் புகுந்துவிடும். கோடையில், வெயில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அதை இத்தனை ஆண்டுகளும் அம்மையாரின் கணவரே செய்துவந்தார். இம்முறை பழம் பறித்து முடிந்த மறுவாரம் என் மகன் ஏணியோடு வேலியைச் சுற்றிச் சென்றான். நான் அனுப்பவில்லை. அம்மையார் கீழே நாற்காலியில் அமர்ந்து எந்தக் கிளையை எங்கே வெட்ட வேண்டும் என்று கைத்தடியால் சுட்டிக்காட்ட, அவன் மேலே நின்று வெட்டினான். அவருக்கும் அந்தக் கலையைச் சொல்லித்தர ஒருவர் கிடைத்தார்.

எங்கள் மகன் அன்று கேட்ட கேள்வியை உங்கள் பிள்ளையும் ஒருநாள் கேட்கலாம். அலுவலக விருந்தாக இருக்கலாம், பள்ளித் தோழியின் பிறந்தநாள் கேக்காக இருக்கலாம், பண்டிகைப் பலகாரமாக இருக்கலாம். உண்ணக்கூடாததை உண்ணாதீர்கள், அதில் தளர்வு வேண்டாம். அதோடு, உண்ணவில்லை என்பதைத் தந்தவரின் முகம் பார்த்து, நன்றியோடு, உண்மையாகச் சொல்லுங்கள். முடிந்தால், இருவரும் உண்ணக்கூடிய ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் கனிகளிலும் எங்கள் அளவைகளிலும் பரக்கத் செய்வாயாக. நாங்கள் உண்பதை ஹலாலானதாகவும், பேசுவதை உண்மையானதாகவும் ஆக்குவாயாக. எங்களால் எங்கள் அண்டை வீட்டார் நிம்மதி அடையும்படி எங்களை வாழச்செய்வாயாக. ஆமீன்.